பின்சீட்டில் எத்தனை பேர்

காஜா பாய் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் லோகநாதன் கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். சின்னப் பிள்ளைகூடப் பட்டென்று சொல்லிவிடும் கேள்வி. பின்னாடி சீட்ல எத்தனை பேர் உக்காருவாங்க தம்பி? கோவை உக்கடத்தில் முப்பது வருஷமாக டயர் மாட்டிக்கொண்டிருக்கும் மனுஷர் அவர். அழகுக்காக ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ இறக்கிவிட்டுப் பெரிய வீலோடு வந்து நிற்கிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் இவனிடமும் கேட்டார். பின்சீட்டில் ஆள் ஏறினால் கார் இன்னும் அமுங்கும், அமுங்கினால் டயர் மட்கார்டில் உரசும், ஆள் எத்தனை என்று தெரியாமல் சைஸ் சொல்ல முடியாது, அவ்வளவுதான் விஷயம். குத்தலும் இல்லை, கிண்டலும் இல்லை. ஆனாலும் லோகநாதனுக்கு யாரோ கேட்காமல் சட்டைப் பைக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. "சொல்றனுங்க பாய், ஒரு நிமிசம்" என்றான். "அவசரமில்ல தம்பி. ரெண்டு சைசும் எதுத்தாப்ல குடோன்ல இருக்கு. நாப்பதா நாப்பத்தஞ்சான்னு சொன்னீங்கன்னா எடுத்துட்டு வந்துருவோம். ஒண்ணு மட்டும், ரிம்முல ஏத்தி காத்து அடிச்சதுக்கு அப்புறம் மனசு மாறுனா நான் பொறுப்பில்ல" என்றவர், எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி டீ சொன்னார். கடையின் ஆள் ஆறுச்சாமி, லோகநாதனைவிடப் பத்து வயது மூத்தவர், காரை நாலு பக்கமும் தூக்கி நிறுத்திப் பழைய வீல்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பீடி பிடிக்கப் போயிருந்தார். வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. வெயிலில் சக்கரம் இல்லாமல் அந்தரத்தில் நின்ற காரைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேட்டி அவிழ்ந்து நிற்பவரைப் பார்ப்பதுபோல லோகநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாற்பதா, நாற்பத்தைந்தா. இந்தப் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு இது என்ன வம்பு என்று தோன்றலாம். டயரின் பக்கவாட்டில் வரிசையாக மூன்று எண் இருக்கும். முதல் எண் அகலம், இருநூற்றைந்து மில்லிமீட்டர், அதில் லோகநாதனுக்குச் சஞ்சலமில்லை. கடைசி எண் வீலின் அளவு, பதினேழு இஞ்ச். அதில் இனி யோசிக்க ஒன்றுமில்லை, வெண்கல நிறத்தில் பளபளக்கும் அந்த நாலு வீலையும் போன மாதமே பாலக்காட்டில் ஒருவரிடம் வாங்கி, படுக்கையறையில், கட்டிலின் இன்னொரு பாதி காலியாகத்தானே கிடக்கிறது என்று அதன்மேலேயே போர்வை விரித்து அடுக்கிவைத்திருந்தான். நடுவில் நிற்கிற எண்தான் ஆளைத் தின்றது. டயரின் உயரம் அதன் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது அது. நாற்பத்தைந்து போட்டால் வீலைச் சுற்றித் தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் ரப்பர். நாற்பது போட்டால் எண்பத்திரண்டு. வித்தியாசம் பத்து மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம். லோகநாதன் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் பதினெட்டு வருஷமாக இருப்பவன். வெர்னியர் அளவுகோலை வைத்துத் தலைமுடிப் பருமனுக்கு வித்தியாசம் இருந்தாலும் ஷாஃப்டைத் தூக்கித் தள்ளிவிடுகிறவன். அவனுடைய உலகத்தில் பத்து மில்லிமீட்டர் என்பது ஒரு மைதானம். நாற்பத்தைந்துதான் அழகு, அதில் சந்தேகமேயில்லை. மட்கார்டின் வளைவுக்குள் டயர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காரும், கம்பெனி கொடுத்த டயரின் சுற்றளவுக்கும் இதற்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் வராது, குழியில் விழுந்தால் ரப்பர் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். எல்லாம் சரி, பின்சீட்டில் ஆள் ஏறாதவரைக்கும். ஏறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் கர்ர் என்று உரசும். நாற்பது உரசாது, ரெண்டு பேர் என்ன, மூன்று பேர் உட்கார்ந்தாலும் உரசாது. ஆனால் ரோட்டில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் வந்து பேர் சொல்லும், கொஞ்சம் பெரிய குழி என்றால் வெண்கல வீல் கோணிக்கொள்ளும். ஆக, நாற்பத்தைந்து தனி ஆளுக்கு. நாற்பது குடும்பஸ்தனுக்கு. இதை அவன் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, நேற்று சாயங்காலம் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது அந்தக் கடைசி இரண்டு வரியை எழுதியது தன் கைதானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கேட்காமல் விட்டானா என்ன? தரை டிக்கெட் என்று பெயர் வைத்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு, காரை இறக்கிவிட்டவர்கள் மட்டும் இருப்பது. ஐந்து வருஷமாக அதில் இருக்கிறான். எல்லோரும் அவனைவிடச் சின்னவர்கள், அண்ணா அண்ணா என்பார்கள். அதில் வருகிற படங்களில் கார் இருக்கும், பின்னால் மலை இருக்கும், வானம் இருக்கும், ஆள் மட்டும் இருக்கவே மாட்டார்கள், ஆள் நின்றால் படம் கெட்டுவிடும் என்று ஒதுங்கச் சொல்வார்கள். அந்தக் குழுவில் நேற்று, நாற்பதா நாற்பத்தைந்தா என்று ஒரு வரி போட்டான். ஒரு மணி நேரத்தில் நாற்பத்துமூன்று பதில். ஒருவன் படம் வரைந்து அனுப்பினான், ஒருவன் போனிலேயே கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசினான். லோகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு, நிறைந்த நெஞ்சோடு சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, போன வருஷம் டெங்கு வந்து ஏழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அப்போது எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தான். மூன்று பேர். அதில் ஒருவர் கம்பெனி ஹெச்.ஆர்., லீவு லெட்டருக்காகக் கேட்டவர். ஆனால் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவன் தன் காய்ச்சலைப் பற்றி அந்தக் குழுவில் வாயைத் திறந்தால்தானே? காரைப் பற்றிக் கேட்க அவனுக்கு வாய் வரும். உடம்பைப் பற்றி, வீட்டைப் பற்றி, சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்க வராது. இப்போதும் பாய்க்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ரெண்டு. யாருமில்லை. இதில் ஒன்று. எதைச் சொன்னாலும் அது டயருக்கு மட்டும் சொல்கிற பதிலாக இருக்காது என்பதுதான் சிக்கல்.

டீ வந்தது. கண்ணாடித் தம்ளரைத் தொடமுடியாத சூடு. அதைத் தரையில் வைத்துவிட்டு விளிம்பில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை, பிரிந்துபோன மனைவி சுகந்தி போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது மூன்று வருஷத்தில் மொத்தம் நாலோ ஐந்தோ தடவைதான், எல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடக் காகிதத்துக்குக் கையெழுத்து வேண்டி. கோர்ட்டில் சொன்னபடி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகள் மிருதுளாவை அவன் கரூருக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விடவேண்டும். ஐந்து மாதமாக அது நடக்கவில்லை. பரீட்சை, காய்ச்சல், டான்ஸ் கிளாஸ் என்று மெசேஜ் வரும், பிறகு காரணம் சொல்லாமலேயே, இந்த வாரம் வேண்டாமாம். பத்து வயசுப் பிள்ளைக்கு அப்பாவைப் பார்க்க வேண்டாமென்றால் அதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? அந்த மாதிரி ஒரு செய்திதான் இதுவும் என்று போனை எடுத்தவனிடம் சுகந்தி சொன்னாள்: "பாப்பாவுக்குக் காலாண்டு லீவு. இந்தச் சனிக்கிழமை வர்றேங்கிறா." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நானும் பல்லடத்துக்கு அக்கா ஊட்டுக்கு வரோணும். போற வழிதானே. முடியுமுங்களா?" என்றாள். முடியுமுங்களா! அவன் முடியும் என்று சொன்னானா, தலையை மட்டும் ஆட்டினானா என்பது இப்போதுவரை ஞாபகமில்லை. பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டு, தண்ணீர் குழாயைத் திறந்து, மூடி, திறந்தான். கரூரிலிருந்து பல்லடம் வரைக்கும் இரண்டு மணி நேரம். அவள் எதற்கு அப்படிக் கேட்டாள்? பஸ்ஸில் போகலாமே. கரூரில் தறித்துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவள், பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவள், அக்கா வீட்டுக்குப் போக இவனுடைய தயவா வேண்டும்? ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கிக்கொள்ளாதே என்று அன்றைக்கே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதோடு சரி. திங்கட்கிழமை பழைய டயர்களைக் குனிந்து பார்த்தான், நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தன, அதில் அவர்களை ஏற்ற முடியாது. புதிய வீல்தான் இருக்கிறதே. சனிக்கிழமைக்குள் மாட்டிவிட வேண்டும். காரையே பார்க்காத சுகந்தி வீலையா பார்க்கப் போகிறாள்?

காரைப் பார்க்காதவளா? அவளைவிட அந்தக் காரைப் பார்த்தவர் யார்? இறக்கிவிட்ட காருக்கென்று ஒரு வழக்கம் உண்டு, அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வேகத்தடை கொஞ்சம் உயரமாக இருந்தால் உள்ளே இருப்பவர்களை இறங்கச் சொல்வார்கள். பாரம் குறைந்து கார் அரை விரல்கடை மேலே எழும். காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏறி, ஒரு சக்கரம் இறங்கி, அடி தட்டாமல் தாண்டிவிட்டு, அந்தப் பக்கம் நடந்து வருகிறவர்களை மறுபடி ஏற்றிக்கொள்வது. நண்பர்களோடு போனால் இதில் ஒரு குஷி இருக்கும், இறங்கிக் குனிந்து, இன்னும் ஒரு விரல் இருக்குடா, வா வா வா என்று கையைக் காட்டுவார்கள். சுகந்தி கை காட்டியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது பட்டுச்சேலையோடு இறங்கி, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரம் நிற்கிற டீக்கடைக்காரர்கள் பார்க்கப் பார்க்க நடப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒன்றும் சொல்லாததை லோகநாதன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான், புருஷன்மார் வழக்கமாகச் செய்கிற காரியம். கிணத்துக்கடவில் ஒரு கல்யாணம், திரும்பி வரும்போது மத்தியானம் மூன்று மணி, ரோடு போடுகிறோம் என்று வழியெல்லாம் மேடு கட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு எத்தனை தடவை இறங்கினார்கள் என்று அவனுக்குத் தெரியும், பதினொன்று. பதினோராவது மேடு ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால். மிருதுளாவுக்கு அப்போது ஏழு வயது, அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தாள். "ஏனுங்க, புள்ள இப்பத்தான் தூங்கறா. இந்த ஒண்ணுல உரசுனா உரசிட்டுப் போகுது" என்றாள் சுகந்தி. "சைலன்சர் போயிரும் சுகந்தி" என்றான் அவன். எவ்வளவு சாந்தமாகச் சொன்னான்! கோபமாகச் சொல்லியிருந்தாலாவது ஒரு சண்டை என்று ஆகியிருக்கும். அவள் பிள்ளையை எழுப்பினாள். இறங்கினார்கள். அவன் அழகாக, ஒரு சத்தமில்லாமல், கோணல் போட்டுத் தாண்டினான், மனசுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டுக்கொண்டான். இருபதடி தள்ளி நிறுத்திப் பின்கதவை உள்ளிருந்தே எட்டித் திறந்துவைத்தான். சுகந்தி பிள்ளையின் கையைப் பிடித்தபடி மேட்டைத் தாண்டி வந்தாள், காரை நெருங்கினாள், திறந்த கதவை ஒட்டி நடந்தாள், அப்படியே கடந்து போனாள். திரும்பிப் பார்த்தது மிருதுளா மட்டும்தான். அந்தப் பக்கம் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

அவள் கரூருக்குப் போனது அதற்கு நாலு மாதம் கழித்துத்தான். நடுவில் எத்தனையோ பேச்சு, இரு தரப்புப் பெரியவர்கள், அவளுடைய வேலை, அவனுடைய அம்மா சொன்ன ஒரு சொல், எல்லாம் காரணமாகப் பேசப்பட்டன. கோர்ட்டுக் காகிதத்தில் வேறு என்னென்னவோ எழுதியிருந்தது. அந்தப் பதினோராவது மேட்டை யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீதிபதி சிரித்திருப்பார். லோகநாதனுக்கு மட்டும் தெரியும், அவள் அங்கேதான் இறங்கினாள். அவளை இறக்கிவிட்டது அவன். ஒரு இரும்புக் குழாய்க்காகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பி வெயிலில் நடக்கவிட்ட ஆள் அவன். அதை நினைக்கும்போதெல்லாம் உடனே காரைப் பற்றி எதையாவது யோசிக்க ஆரம்பித்துவிடுவான், அப்படி யோசித்து யோசித்துத்தான் வீல், ஸ்பிரிங், டயர் என்று இவ்வளவு தூரம் வந்தது. அப்படியானால் காரை மறுபடி தூக்கிக் கட்டிவிட்டுச் சாதாரண டயரைப் போட்டுத் தொலைக்கலாமே? போடலாம். இந்த யோசனை அவனுக்கு வராமலில்லை, நேற்று வந்தது, இன்று காலை பல் துலக்கும்போதும் வந்தது. வந்த இரண்டு தடவையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். மூன்று வருஷமாக அவன் வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தது அந்தக் கார் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துக் குளிப்பாட்டும் அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாமல் போனால் வாரத்தில் அவனுக்கென்று என்ன இருக்கிறது? இதைக் கேட்டால் சுகந்தி என்ன சொல்வாள்? கதவை ஒட்டிக் கடந்து போவாள்.

நாற்பத்தைந்து போட்டு, சனிக்கிழமை அவர்கள் ஏறி, வெள்ளகோவில் தாண்டுகிற வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்து, பேச்சுகூடத் தொடங்கி, மழை எப்படி, அக்கா எப்படி என்று இரண்டு வார்த்தை வந்து, அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளத்தில் கர்ர் என்று உரசினால்? அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தால் போதும். இறங்கட்டுமுங்களா என்று அவளே கேட்டுவிடுவாள், அதைக் கேட்பதைவிடக் கார் கவிழ்ந்தே போகலாம். சரி, நாற்பது. நாற்பது போட்டுக் காங்கேயத்துக்குக் கிட்டே குழியில் விழுந்து வீல் கோணிக் காற்று இறங்கி, வெயிலில் அவர்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஜாக்கியோடு மல்லுக்கட்டினால்? அதுவும் இறக்கிவிட்டதுதான். இன்னொன்றும் இருக்கிறது, நாற்பதில் சக்கரம் சின்னதாகிவிடும், மீட்டர் கூடுதலாகக் காட்டும், நூற்றுமுப்பது கிலோமீட்டர் கரூர் நூற்றுமுப்பத்துநாலு என்று காட்டும். பொய்தான், ரோடு அதே ரோடுதான், ஆனாலும் பிள்ளை நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனதை ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டா ஓட்டுவது? இதெல்லாம் அவள் ஏறினால். ஏறுவாளா? பல்லடம் வரை என்றாள், அவ்வளவுதானே சொன்னாள், வழியில் இறக்கிவிடச் சொல்லிக் கேட்டதை வைத்து ஒருவன் டயர் வாங்குவானா? ஒரே ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு வருகிற அத்தனை நாளும் கார் காலி. இரண்டு மணி நேரத்துக்காக நாலு வருஷம் ஓடுகிற டயரை நாற்பதில் வாங்குவது மடத்தனம். வாங்காமல் விடுவது? பின்சீட்டில் யாரும் உட்காரப் போவதில்லை என்று தன் வாயாலேயே சொல்லி, பாய் அதைக் கேட்டுத் தலையாட்டி, ஆறுச்சாமி ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து, திருப்பி எடுக்க முடியாதபடி ஆக்கிவிடுவது. அதை எப்படிச் சொல்வது? நாக்கு வராதே.

"என்ன தம்பி, டீயைப் பாத்துட்டே இருந்தா எப்படி?" காஜா பாய் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி, "ஊட்ல எத்தனை பேரு?" என்றார். லோகநாதன், "மூணு பேருங்க" என்றான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்தவில்லை. "அப்ப பின்னாடி ரெண்டு பேர். சம்சாரமும் புள்ளையும். புள்ள சின்னதா பெருசா?" "பத்து வயசுங்க." "எத்தனை கிலோ இருக்கும், உத்தேசமா? ரொம்பக் கம்மின்னா நாப்பத்தஞ்சேகூடத் தாட்டிக்கலாம், மட்கார்டு உள்ளாற விளிம்பை லேசா மடக்கி விட்ரலாம்." லோகநாதன் வாயைத் திறந்தான். இரண்டு கிலோ எண்ணூறு. அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றித் தராசில் வைத்தபோது அவனே முள்ளைப் பார்த்துச் சொன்ன எடை. அதற்குப் பிறகு ஏதேதோ எடையெல்லாம் தெரியும், வீல் ஒன்று எட்டரைக் கிலோ, ஸ்பிரிங் எத்தனை, காரின் முன்பக்கம் எத்தனை, பின்பக்கம் எத்தனை. மிருதுளாவைக் கடைசியாகத் தூக்கியது எப்போது? ஐந்து மாதத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்தபோது அவள் தலை அவன் நெஞ்சில் எந்த இடத்துக்கு வந்தது? தெரியவில்லை. பாய் காத்துக்கொண்டிருந்தார். "கேட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்து கடையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், வெயிலில் நின்று, கரூர் வீட்டு எண்ணை அழுத்தினான். சுகந்தி வேலைக்குப் போயிருப்பாள். லீவில் பிள்ளைதான் போனை எடுக்கும்.

"அப்பா? என்னப்பா இந்நேரத்துல?"

"சும்மாதான் சாமி. கண்ணு, நீ எத்தனை கிலோ இருக்கே?"

"என்னது?"

"வெயிட்டு சாமி. உன்ற வெயிட்டு."

"முப்பத்தொண்ணு. ஸ்கூல்ல பாத்தாங்க. ஏம்ப்பா?"

"அம்மா?"

"அம்மா எத்தனைன்னு எனக்கெப்படித் தெரியும்? கேட்டா தோலை உரிச்சுருவாங்க." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணக்கூட அவனுக்கு நேரமில்லை. "எதுக்குப்பா கேக்கறீங்க?"

"சனிக்கிழமை நீயும் அம்மாவும் பின்னாடி உக்காருவீங்கல்ல. புது டயர் போடறேன். உரசாத மாதிரி போடோணும், அதுக்குத்தான்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது. பிள்ளை எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு சாமி."

"கார் வேண்டாம்ப்பா. பஸ்ல வாங்க."

லோகநாதன் ஒரு கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தான். "உரசாது கண்ணு. ஒருக்காகூட இறங்கச் சொல்ல மாட்டேன். சத்தியமா."

"அதுக்கில்லப்பா. கார்ல வந்தா எனக்கு உங்க முதுகுதான் தெரியும். நீங்க ரோட்டையே பாத்துட்டு இருப்பீங்க. அம்மா ஜன்னலையே பாத்துட்டு இருப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி வேகமாகச் சொன்னாள். "பஸ்ல மூணு பேர் சீட்டு இருக்கும்ல, அதுல உக்காந்துக்கலாம். ஜன்னல் அம்மாவுக்கு. நான் நடுவுல. நீங்க இந்தப் பக்கம். பல்லடம் வரைக்கும்."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தபடி கடந்தது, போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"ம். நேத்தே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவரைக்காய் அரிஞ்சுட்டு இருந்தாங்க."

"வேண்டாம்னு சொல்லலியா?"

"சொல்லல."

அவள் ஒன்றும் சொல்லாததை ஒரு காலத்தில் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டவன்தான் லோகநாதன். அதனால் இந்தத் தடவை அதை எதுவாகவும் எடுத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. ஆனாலும் அவரைக்காய் அரிகிற சுகந்தி கண்ணுக்குள் வந்துவிட்டாள், பிள்ளை பேசப் பேசக் கை ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி அரிகிற மாதிரி. அவள் பக்கத்து இடத்தில் பிள்ளை. பிள்ளைக்குப் பக்கத்தில் அவன். ரோட்டைப் பார்க்க வேண்டாம், பள்ளத்தைப் பார்க்க வேண்டாம், பஸ் மேட்டில் தூக்கிப் போட்டால் மூன்று பேரையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடும். இரண்டு மணி நேரம் அவன் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்கலாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று எந்தக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதும் வரவில்லையே! "சரி சாமி, பஸ்லயே வர்றேன்" என்றான். குரல் உடைந்துவிட்டது, பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தபோது ஆறுச்சாமி பீடியை முடித்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தபடி நின்றிருந்தார். காஜா பாய் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"என்ன தம்பி, கேட்டீங்களா? பின்னாடி எத்தனை பேரு?"

"யாருமில்லீங்க பாய். நாப்பத்தஞ்சே போடுங்க" என்றான் லோகநாதன்.

முதலில் மூன்று பேர் என்றவன், போனில் பேசிவிட்டு வந்து யாருமில்லை என்கிறான். கண்ணும் கலங்கியிருக்கிறது. காஜா பாய்க்கு மனசு கஷ்டமாகிவிட்டது. என்னவோ பெரிதாக நடந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவன் தோளில் கையை வைத்தார். அதற்குள் அவன், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கரூருக்கு முதல் பஸ் காலையில் எத்தனை மணிக்கு, அதில் மூன்று பேர் சீட்டு எந்தப் பக்கம் இருக்கும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தான்.